மாலத்தீவிலிருந்து நேராக மாசி எடுக்கலாமா?

எங்கள் கடை பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பசாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மொத்த வியாபாரம். மல்லி, சீரகம், பருப்பு, நெத்திலி, கருவாடு எல்லாம் மூட்டைக் கணக்கில் போகும். இவற்றுக்கு நடுவே மாசி என்று ஒரு சரக்கு, சூரை மீனை வேகவைத்துப் புகை போட்டுக் காய வைத்த கருவாடு. அளவில் சின்னது. ஆனால் மாசி இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் வாங்காமல் திரும்பிப் போகிற ஆட்கள் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை வழி வந்த குடும்பங்கள், தைப்பிங், ஈப்போ பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர்கள், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இலங்கைச் சாமான் விற்கும் சில கடைகள், இப்போது கூடுதலாக மலேசியாவில் படிக்க வந்திருக்கும் மாலத்தீவுப் பிள்ளைகள்.

வாப்பா காலத்திலிருந்து மாசி எங்களுக்குக் கொழும்பிலிருந்துதான் வந்தது. 2022-இல் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அந்த வரத்து ஆட்டம் கண்டது. டாலருக்கு 200 ரூபாய் என்று இருந்தது ஓரிரு மாதங்களில் 360 பக்கம் போனது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் இல்லாத ஊரில் மாசியை வாங்கி வைத்து மறுபடி ஏற்றுமதி செய்ய யார் கையில் காசு இருக்கும்? நிலைமை பின்னால் சீரானது, விலை மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை.

கடையில் கணக்குப் பார்க்கும் மாமாதான் கேட்டார்: "கொழும்புக்காரன் மாலத்தீவுல வாங்கித்தானே நமக்கு விக்கிறான்? நாம ஏன் நேரா போகக்கூடாது?" கேட்டுவிட்டு அவர் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார். பதில் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நம் தொழிலில் இருக்கும் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்பதால், நான் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். (மாலத்தீவு என்றதும் தேன்நிலவா என்று கேட்கும் தோழிகளுக்கு: இல்லை, கருவாடு.)

ஒரு நாட்டிலிருந்து சரக்கு எடுக்கலாமா என்று பார்க்கும்போது எல்லோரும் விலையில் தொடங்குவார்கள். நான் நிலப்படத்தில் தொடங்கினேன். மாலத்தீவின் மொத்த நிலப்பரப்பு கிட்டத்தட்ட 300 சதுர கிலோமீட்டர். எங்கள் பினாங்குத் தீவும் ஏறக்குறைய அதே அளவுதான். வித்தியாசம், எங்களுடையது ஒரே துண்டாக இருக்கிறது, பெருநிலத்தோடு இரண்டு பாலங்கள் இருக்கின்றன, எதிரே பட்டர்வொர்த்தில் கன்டெய்னர் முனையம் இருக்கிறது. அவர்களுடைய 300 சதுர கிலோமீட்டர் ஏறத்தாழ 1,200 துண்டுகளாக உடைந்து, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கிறது. ஆள் குடியிருக்கும் தீவுகள் சுமார் 200. ஜனத்தொகை, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 2022 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு தலைநகர் மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நெருக்கியடித்து இருக்கிறது.

ஆக, அங்கே ஒரு கிலோ மாசியின் விலை என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, எந்தத் தீவில் வைத்த விலை என்பதுதான். தெற்கே ஹுவது அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டம்) காய்ந்த மாசி மாலே வந்து சேர்வதற்குள் அது ஒரு கடல் பயணத்தை முடித்திருக்கும்.

அந்த நாட்டில் வாங்க என்ன இருக்கிறது? மீன். அவ்வளவுதான். 1972-இல் முதல் உல்லாச விடுதி திறக்கும் வரை அந்த நாடே மீனை நம்பித்தான் இருந்தது. இன்றைக்கும் ஏற்றுமதிச் சரக்கு என்று எடுத்தால் மீனை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அரிசி, வெங்காயம், சிமெண்ட், உடுப்பு எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. வரும்போது நிரம்பி வரும் கன்டெய்னர் திரும்பும்போது காலியாகப் போகும் நாடு அது. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. காலிப் பெட்டிக்குக் கூலி மலிவாகத்தானே இருக்கும்? அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

மீனிலும் எல்லாம் நமக்கு ஆகாது. உறைய வைத்த சூரை பெரும்பாலும் தாய்லாந்து டின் ஆலைகளுக்குப் போகிறது. அந்த அளவில் வாங்க நமக்கு வசதியும் இல்லை, குளிர்பதனக் கிடங்கும் இல்லை. பெரிய மஞ்சள் துடுப்பு மீன் பனிக்கட்டியில் புதைந்து விமானத்தில் ஐரோப்பாவுக்குப் பறக்கிறது. டின் மீனை மட்டும் கொஞ்சம் ஆசையோடு பார்த்தேன். லவியானி அட்டோலில் ஃபெலிவரு என்ற தீவில் 1978-லிருந்து ஆலை இருக்கிறது. மாலத்தீவு நடுத்தர வருமான நாடாக உயர்ந்துவிட்டது என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பழைய வரிச் சலுகையை எடுத்துவிட்டது. டின் சூரைக்கு அங்கே 24 விழுக்காடு வரி. வசதி கூடினதற்குக் கிடைத்த தண்டனை. அதனால் அவர்களுக்கு வேறு சந்தை தேவை, நாம் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்பது என் கணக்கு. பேசத்தான் செய்தார்கள். ஆனால் நம் சூப்பர்மார்க்கெட் அலமாரியில் தாய்லாந்து டின் நிற்கும் விலைக்குப் பக்கத்தில் இது நிற்காது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மிஞ்சியது மாசி. அதுதான் நாங்கள் தேடிப் போனதும்.

முதல் சாம்பிள் வந்த அன்று அதைக் கடை மேசையில் பரப்பி வைத்தோம். நல்ல மாசி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூரையைத் தலை, குடல் நீக்கி, நீளவாக்கில் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, பிறகு வெயிலில் நாள் கணக்கில் காய வைப்பார்கள். ஒரு கிலோ மாசிக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வற்றிப் போகும். வெளியே கரும்பழுப்பு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கக்கூடாது, 'டிக்' என்று சுத்தமாகக் கேட்க வேண்டும். அம்மிக் குழவியால் உடைத்தால் உள்ளே அடர்ந்த சிவப்பில் ஒரு மினுமினுப்பு தெரியும். விரலால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால் பழைய சரக்கு, நகம் பதிந்தால் ஈரம் வற்றாத சரக்கு. ஊசி முனை அளவுக்கு ஓட்டை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். மூக்குக்கு முதலில் புகை வர வேண்டும், மீன் பிறகுதான் வர வேண்டும்.

வாப்பா ஒரு துண்டை எடுத்துத் தட்டினார், முகர்ந்தார், ஓரத்தைக் கடித்து மென்றார். "சரக்குல குறை இல்லம்மா. இதே சரக்கு மூட்டைக்குள்ளயும் இருக்குமான்னு பாரு" என்றார்.

அந்த ஒரு வரிதான் இந்த முழு ஆராய்ச்சியின் சாரம் என்று எனக்குப் பிறகு புரிந்தது. ஏனென்றால் மாசி தொழிற்சாலைச் சரக்கு இல்லை. பெரும்பகுதி இன்னமும் வெளித்தீவுகளில் வீட்டு முற்றத்திலும் சின்னச் சின்னக் கொட்டகைகளிலும்தான் தயாராகிறது. ஒரு வீட்டில் உப்புக் கூடும், அடுத்த வீட்டில் புகை குறையும், மூன்றாவது வீட்டில் மழை பிடித்துக்கொண்டதால் ஒரு நாள் முன்னதாகவே மூட்டை கட்டியிருப்பார்கள். இதையெல்லாம் ஒருவர் தீவு தீவாகச் சேகரித்து, படகில் ஏற்றி, மாலேயில் ஒரு கிடங்கில் கொட்டி, "ஒரு லாட்" என்று இன்வாய்ஸ் போடுகிறார். பத்து வீட்டுச் சோற்றை ஒரே சட்டியில் கொட்டி ஒரே சமையல் என்று பரிமாறுவது போன்ற விஷயம் இது. சாம்பிள் எடுத்தவர் எந்த வீட்டுப் பக்கமாகக் கரண்டியை விட்டார் என்பதைப் பொறுத்தது நம் அதிர்ஷ்டம்.

எங்களுக்கு அப்படியே நடந்தது. சாம்பிள் அனுப்பிய ஏற்றுமதியாளர் நல்லவர்தான், பெயர் வேண்டாம். சோதனைக்காக எடுத்த முதல் சின்னச் சரக்கில் மேலே இருந்த பெட்டிகள் சாம்பிளைப் போலவே இருந்தன. அடியில் இருந்தவை நகம் பதியும் ஈரம், ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. படம் எடுத்து அனுப்பினேன். மழைக்காலச் சரக்கு கலந்துவிட்டது என்று பதில் வந்தது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, வெயிலை நம்பிக் காயும் பண்டத்துக்கு ஆகாத காலம். அதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

இதில் சுகாதாரப் பக்கமும் இருக்கிறது. சூரை இன மீன் பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். வேகவைத்தாலும் புகை போட்டாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பு எடுத்து, தலை வலிக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் சூரை வகைகளுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது மேல் வரம்பு. மீன் நாலைந்து மடங்கு வற்றும்போது அதில் இருக்கும் ஹிஸ்டமினும் அதே மடங்கு செறிவாகிவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். பச்சை மீனில் தப்பித்துவிடும் அளவு மாசியில் வரம்பைத் தாண்டும். ஆய்வகச் சான்று கேட்டால் லாட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஆனால் பத்து வீட்டு லாட்டுக்கு ஒரு சான்று என்பது எந்த வீட்டுக்கான சான்று?

மாலத்தீவுக்கு இங்கே ஒரு பலமும் இருக்கிறது. அங்கே சூரைக்கு வலை போடுவதில்லை. உயிருள்ள சிறு மீனை இரையாக வீசி, மேலே வரும் சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாக இழுத்துப் படகுக்குள் எறிகிறார்கள். தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கிய கூர் இல்லாததால் மீன் தானாகவே கழன்று விழும். வலையில் கிடந்து நசுங்காத மீன். இந்த முறைக்காக 2012-இல் எம்.எஸ்.சி. என்ற, கடல் வளத்தைக் கெடுக்காத மீன்பிடிக்கான சான்றும் கிடைத்தது. ஐரோப்பியச் சந்தையில் அதற்கு மதிப்பு. லெபோ பசாரில் அந்த முத்திரைக்காக யாரும் பத்து சென் கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பயன்பட்டது வேறு வழியில். பிடித்த படகு, தேதி, கரை இறக்கிய தீவு என்று எழுதி வைக்கும் பழக்கம் ஆலைகளில் வந்துவிட்டிருக்கிறது. அதே பதிவை மாசிக்கும் கேட்டேன். ஒரே தீவு, ஒரே மாதம், மே முதல் அக்டோபர் வரை காய்ந்தது வேண்டாம், அதற்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டார். இன்றைக்கு எங்கள் சரக்கு அவரிடமிருந்துதான் வருகிறது.

சரி, கப்பல் கதை. காலிக் கன்டெய்னர் மலிவு என்பது உண்மைதான், முழுக் கன்டெய்னரும் உங்களுக்கு வேண்டுமென்றால். 20 அடிக் கன்டெய்னர் நிறைய மாசி வாங்கினால் நான் ஓய்வு பெறும் வரை அதை விற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரி, மற்றவர்களுடைய சரக்கோடு பங்கு போட்டு அனுப்பலாம் என்றால் ஃபார்வர்டிங் ஏஜென்ட் சிரிக்கிறார். உலர்ந்த மீன் வாடை பக்கத்துப் பெட்டியில் ஏறும், யாரும் கூட ஏற்றச் சம்மதிக்க மாட்டார்கள். மாலே துறைமுகத்தில் பெரிய கப்பல் கட்ட இடமும் கிடையாது. எங்களுக்கு வந்த கொட்டேஷன்கள் எல்லாம் கொழும்பில் கப்பல் மாற்றித்தான். கொழும்பைத் தவிர்க்கக் கிளம்பினோம், கடைசியில் கொழும்பு வழியாகவே வருகிறது என்று மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு கடைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

விடை விமானத்தில் கிடைத்தது. கோலாலம்பூருக்கும் மாலேவுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. மல்லியையோ பருப்பையோ விமானத்தில் ஏற்றினால் கடையை மூட வேண்டியதுதான். மாசி அப்படி இல்லை. தண்ணீர் முழுக்க வற்றிய பண்டம், எடைக்கு விலை கூடியது, குளிர்பதனம் வேண்டாம். விமானக் கூலியைக் கிலோவில் சேர்த்துப் பார்த்தேன், கொழும்பு வியாபாரியின் லாபமும் கப்பல் செலவும் சேர்ந்து எங்கே நிற்குமோ அதற்குக் கொஞ்சம் மேலே நின்றது. தரம் கூடியதை வைத்து அந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்களிடம் வாங்க முடிகிறது. வாடை வெளியே வராதபடி இரட்டைப் பையில் வெற்றிடப் பேக்கிங், வெளியே அட்டைப்பெட்டி. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கியதும் லோரியில் வடக்கே வந்துவிடும். மீன் சரக்கு என்பதால் பெர்மிட், சுகாதார அமைச்சின் ஃபோசிம் முறையில் பதிவு, 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி லேபிள் எல்லாம் வேண்டும். இவை ஏஜென்டுக்கு மனப்பாடம், அதனால் நீட்டவில்லை.

பண விஷயம்தான் எனக்கு வியப்பு. மாலத்தீவு ருஃபியா டாலருக்கு 15.42 என்று 2011-லிருந்து அசையாமல் நிற்கிறது. காகிதத்தில் இதைவிட நிம்மதியான நாணயம் கிடைக்காது. ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டாலர் கேட்டால் எளிதில் கிடைக்காது, வெளியே கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கும். 2024-இல் அந்த நாட்டுக் கடன் நிலைமை மோசமாகி, இந்தியா 40 கோடி டாலர் நாணய மாற்று வசதி கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட இடத்துக்கு டாலரோடு போகும் சின்ன வியாபாரிக்கும் மரியாதை உண்டு. பெரிய கொள்முதல்காரர்கள் தவணை கேட்பார்கள். நாங்கள் பாதியை முன்னதாகவும், மீதியை விமானச் சரக்குச் சீட்டு நகல் வந்த அன்றே டி.டி. எனும் வங்கிவழிப் பணப் பரிமாற்றத்திலும் அனுப்பினோம். ஒரே தீவுச் சரக்கு என்ற என் பிடிவாதத்துக்கு அவர் இறங்கி வந்ததற்குக் காரணம் நான் கூட்டிக் கொடுத்த விலை இல்லை, இந்த வேகம்தான் என்பது என் ஊகம். எல்.சி. (வங்கி உறுதிக் கடிதம்) போடலாமே என்பவர்களுக்கு, இந்த அளவு சரக்குக்கு வங்கிக் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும். முன்பணம் போனால் போனதுதான் என்ற நினைப்போடு, போனாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பேசும் நாட்களும் இடிக்கும். அவர்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. எங்களுக்குச் சனி, ஞாயிறு. நேரத்தில் அவர்கள் மூன்று மணி பின்னால். ஆக, திங்கள் முதல் வியாழன் வரை, அதுவும் எங்கள் பகல் பதினொன்றுக்கு மேல்தான் போனுக்கு ஆள் கிடைக்கும்.

மாலத்தீவுதான் வேண்டுமா என்று நியாயமாகக் கேட்கலாம். தூத்துக்குடியிலும் மாசி போடுகிறார்கள், லட்சத்தீவின் மினிக்காயிலும் போடுகிறார்கள். தூத்துக்குடி சரக்கு விலை குறைவு, கப்பல் வசதியும் பழகியது, மற்ற மளிகையோடு ஒரே ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். தூள் மாசிக்கும் அன்றாடச் சம்பலுக்கும் அதைத்தான் இன்னமும் வைத்திருக்கிறோம். இன்னும் கிட்டே, மலாக்கா நீரிணைக்கு எதிர்க்கரையில் இந்தோனேசியாவின் அச்சே இருக்கிறது. அங்கே இதே இன மீனை அவித்து உலர்த்தி 'கெமாமா' என்று விற்கிறார்கள். எங்கள் லெபோ அச்சேயில் பழைய அச்சே வியாபாரிகள் கட்டிய மசூதியே இருக்கிறது, அந்த அளவுக்குப் பழைய உறவு. வாங்கிப் பார்த்தேன். மாவு தடவிக் காய வைத்தது, குழம்புக்கு நன்றாக இருக்கிறது. மாசிச் சம்பலுக்கு அந்தப் புகை போதவில்லை. ஈப்போவிலிருந்து வரும் ஓர் ஆச்சி ஒரே முகர்வில் "இது மாசி இல்லப் பிள்ள" என்று திருப்பி வைத்துவிட்டார். அவரை ஏமாற்ற ஆய்வகத்தாலும் முடியாது.

நீண்ட காலத்துக்கு இந்த மூலத்தை நம்பலாமா என்றால் பாதி மனதோடுதான் ஆம் என்பேன். 2006-ஐ ஒட்டி உச்சம் தொட்ட அவர்களுடைய சூரைப் பிடிப்பு அடுத்த சில ஆண்டுகளிலேயே வெகுவாகச் சரிந்தது. ஒரே சரக்கை வைத்துப் பிழைக்கும் ஊரில் கடல் கையை விரித்தால் மாற்று கிடையாது. அங்கேயும் பிள்ளைகள் உல்லாச விடுதி வேலைக்குப் போகிறார்களே தவிர, முற்றத்தில் நின்று புகை போட வருவதில்லை என்று எங்கள் ஏற்றுமதியாளரே சொல்கிறார். அதனால் கொழும்பு வியாபாரியின் தொடர்பை நான் அறுக்கவில்லை. மாதம் ஒரு முறை விலை கேட்டு வைக்கிறேன், பெருநாள் வாழ்த்தும் தவறாமல் போகிறது.

புதிதாக முயல்கிறவர்கள் தூளாகவோ சீவலாகவோ வாங்காதீர்கள், தூளில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முழுத் துண்டாக வாங்கி இங்கே உடைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் காய்ந்த சரக்கைக் கேளுங்கள். ரமலானில் அங்கே அலுவலக நேரம் சுருங்கிவிடும், விமானச் சரக்குப் பகுதியிலும் பேச ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. நோன்பு நாட்களில் விற்க வேண்டிய மாசிக்கு ரமலானுக்கு இரண்டு மாதம் முந்தைய ரஜப் மாதத்திலேயே முன்பணம் போய்விட வேண்டும். ஏற்றுமதியாளரின் நம்பர் கேட்டு மெசேஜ் அனுப்புகிறவர்களே, அதை மட்டும் தர மாட்டேன். அவரிடம் ஒரு தீவுச் சரக்குதான் இருக்கிறது, அது எங்களுக்கே போதவில்லை.